மழைக்குப் பிறகு எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரிகின்றன, காலையில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது (கோத்தகிரி)

கட்டபெட்டு வாசி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஓடுவது 2016 மாடல் ஜெர்மன் எஸ்யூவி. ஏழு இருக்கை, மூன்று லிட்டர் டீசல், நான்கு சக்கரத்துக்கும் ஏர் சஸ்பென்ஷன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதிலிருந்து வண்டி ஒரு நிலையில் இல்லை. காலையில் போய்ப் பார்த்தால் முன்பக்க இடது மூலை சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. சாவியைத் தொட்டால் இன்ஜின் இழுத்து இழுத்துத்தான் பிடிக்கிறது. பிடித்த உடனே சஸ்பென்ஷன், பார்க்கிங் பிரேக், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் என்று ஒன்றன்பின் ஒன்றாக எச்சரிக்கைகள். கோத்தகிரி கடைவீதி வரை போய்த் திரும்புவதற்குள் பாதி விளக்குகள் தாமாகவே அணைந்துவிடுகின்றன. மறுநாள் காலை பழையபடி.

கோவையில் ஒரு சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, காற்று ஏற்றும் கம்ப்ரசர், இடது முன் பலூன் (வண்டியைத் தாங்கும் காற்றடைத்த ரப்பர் பை), ஒரு கண்ட்ரோல் யூனிட் (மின்னணுப் பெட்டி) மூன்றையும் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தொகையைப் பார்த்து வீட்டில் யாரும் பேசவில்லை. அப்பாவைச் சிகிச்சைக்காக அடிக்கடி கோவைக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது, அதனால் வண்டியை ஓரமாக நிறுத்திவைக்கவும் வழியில்லை. மூன்றும் ஒரே சமயத்திலா கெட்டுப்போகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹில்பங்க்:

பேட்டரியைப் பாருங்கள். குளிர் தொடங்கினால் ஊட்டியில் பாதி வண்டிகளுக்கு இதுதான் வியாதி. தலைகுந்தா பக்கம் உறைபனி விழும் மார்கழி, தை மாதங்களில் இன்னும் மோசம். பேட்டரியை மாற்றிவிட்டால் எல்லா விளக்கும் அணைந்துவிடும்.

காரமடை பட்டறை:

ஹில்பங்க் ஐயா சொல்வதில் பாதி சரி. பேட்டரியை மாற்றினால் விளக்கு அணையும். எது பேட்டரியைக் குடிக்கிறது என்று பார்க்காவிட்டால் புதியதையும் அது குடித்துவிடும்.

தம்பி, மூன்றும் ஒன்றாகக் கெடாது. ஒன்று கெட்டு மற்றவற்றையும் சேர்த்து இழுக்கிறது. அந்த ஒன்றைக் கண்டுபிடிக்காமல் பெட்டி பெட்டியாக மாற்றினால் பணம் போகும், நோய் போகாது. எந்த யூனிட் புகார் கொடுக்கிறது என்பதை ஸ்கேனர் சொல்லும். புகாருக்குக் காரணத்தை நாம்தான் கை வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த வண்டிகளில் பத்துப் பதினைந்து கண்ட்ரோல் யூனிட்டுகளுக்குக் குறையாமல் இருக்கும். ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் வோல்டேஜ் கீழே சரிந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு பிழைக் குறியீட்டைப் பதிவு செய்யும். அதனால்தான் சம்பந்தமே இல்லாத ஸ்டீயரிங்கும் கியர்பாக்ஸும் உங்களுக்கு எச்சரிக்கை காட்டுகின்றன. கொஞ்ச தூரம் ஓடி, பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் வோல்டேஜைத் தூக்கியதும் அவை அடங்கிவிடுகின்றன. உண்மையிலேயே கெட்டுப்போன யூனிட் கடைவீதி வரை போனதும் குணமாகாது.

ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள், சாதாரணமானது போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் பூட்டைத் திறந்த கையோடு பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். உங்கள் வண்டியில் இருப்பது ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடி நார்ப் பாயில் ஊறவைத்த பேட்டரி) வகையாக இருக்கும். முழு சார்ஜில் 12.8 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12.2 காட்டினால் பாதிதான் இருக்கிறது. ஸ்டார்ட் செய்யும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் அதுவே இந்த விளக்குத் திருவிழாவுக்குப் போதும். இன்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அளந்து எழுதுங்கள், பிறகு பேசுவோம்.

சுருள்வில்:

எதற்கு இவ்வளவு பாடு? ஏர் சஸ்பென்ஷனைக் கழற்றி எறிந்துவிட்டு நான்கு மூலையிலும் காயில் ஸ்பிரிங் போட்டுவிடுங்கள். பலூன் வாங்கும் காசில் வேலை முடிந்துவிடும். மலையில் ஏர் சஸ்பென்ஷன் வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. நான் மாற்றிவிட்டேன், நிம்மதியாக இருக்கிறேன்.

எமரால்டு:

சகோதரரே, காயில் பற்றிப் பிறகு யோசியுங்கள். முதலில் முன் இருக்கைகளுக்குக் கீழே கால் மிதியடியைத் தூக்கிவிட்டு, அதற்கும் கீழே இருக்கும் கம்பளத்தை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். மேலே காய்ந்ததுபோல் இருக்கும். அதன் அடியில் இரண்டு விரல் கனத்துக்கு நுரைப்பஞ்சு இருக்கிறது. தண்ணீரெல்லாம் அதில்தான் நிற்கும். எங்கள் வண்டியில் அழுத்தியவுடன் விரல் இடுக்கில் தண்ணீர் ஏறியது.

எமரால்டு, அவலாஞ்சி பக்கம் மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழை தேவையே இல்லை. சாதாரணத் தூறலே போதும், தண்ணீர் போகும் வழி அடைத்திருந்தால்.

சன்ரூஃப் முழுக்கத் தண்ணீர் புகாதபடி செய்யப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கண்ணாடியைச் சுற்றி ஒரு வாய்க்கால் இருக்கிறது, அதில் தண்ணீர் விழத்தான் செய்யும். அதன் நான்கு மூலையிலிருந்தும் மெல்லிய குழாய்கள் தூண்களுக்குள் இறங்கி வண்டிக்கு வெளியே தண்ணீரை விடும். நாம் வண்டியைச் சில்வர் ஓக், சவுக்கு, சைப்ரஸ் மரங்களுக்கு அடியில்தான் நிறுத்துகிறோம். ஊசி இலைகளும் பூந்தூளும் மண்ணும் சேர்ந்து குழாயின் வாயில் களிமண்ணாக இறுகிவிடும். பிறகு வாய்க்கால் நிரம்பி, மேற்கூரைத் துணியின் உள்பக்கமாக வழிந்து, கம்பளத்தின் அடியில் போய்ச் சேரும். வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளத்துக்கும் இதே கதிதான். பானெட்டைத் திறந்து அந்தப் பிளாஸ்டிக் மூடியை எடுத்துப் பாருங்கள், இலைமக்கு ஒரு கூடை கிடைக்கும்.

காரமடை பட்டறை:

அம்மா சொன்னது மிகச் சரியான வழி. ஜெர்மன் வண்டிகள் பலவற்றில் இருக்கைக்கு அடியிலும் கால் வைக்கும் இடத்திலும் கண்ட்ரோல் யூனிட்டுகளையும் ஒயர் இணைப்புகளையும் வைத்திருக்கிறார்கள். கனெக்டருக்குள் ஈரம் போனால் செம்பு முனை பச்சை பூக்கும். அந்தப் பச்சை வழியாக மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து யூனிட்டைத் தூங்க விடாது.

தூக்கம் என்று நான் சொல்வதற்கு ஒரு கணக்கு உண்டு. வண்டியைப் பூட்டிய பின் அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் எல்லா யூனிட்டும் அடங்கிவிட வேண்டும். அதன்பின் பேட்டரியிலிருந்து போகும் மின்னோட்டம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நல்லது. ஒரே ஒரு யூனிட் விழித்திருந்தால் அது அரை ஆம்பியர், ஒரு ஆம்பியர் என்று ஏறிவிடும். ஒரு ஆம்பியர் என்றால் பத்து மணி நேர இரவில் பத்து ஆம்பியர்-மணி போய்விட்டது. அதைத் திருப்பி நிரப்ப கட்டபெட்டிலிருந்து கோத்தகிரி வரை ஓடுவது போதாது.

எது விழித்திருக்கிறது என்று பார்க்க ஃபியூஸைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கி மாட்டினால் தூங்கிய யூனிட்டும் எழுந்துவிடும். பானெட்டையும் கதவையும் திறந்துவைத்து, அவற்றின் பூட்டு நாக்கை ஸ்குரூ டிரைவரால் தள்ளி மூடியதுபோல் ஆக்குங்கள். ரிமோட் சாவியை வீட்டுக்குள் தூரமாகக் கொண்டுபோய் வையுங்கள். சாவி பக்கத்தில் இருந்தால் வண்டி அதோடு பேசிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரம் கழித்து மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் தொடுங்கள். மின்சாரம் ஓடாத ஃபியூஸ் பூஜ்யம் காட்டும். ஓடுகிற ஃபியூஸ் சிறியதாக ஓர் எண் காட்டும். அந்த ஃபியூஸ் எந்த யூனிட்டுக்குப் போகிறது என்று பார்த்தால் திருடன் அகப்படுவான்.

கட்டபெட்டு வாசி:

அண்ணா, அம்மா, இருவருக்கும் நன்றி. அளந்துவிட்டேன். காலையில் 12.1. ஸ்டார்ட் செய்யும்போது 9.4 வரை இறங்குகிறது. இன்ஜின் ஓடும்போது 14.3. கம்பளத்தை அழுத்தினேன், இடது முன்பக்கம் நனைந்திருக்கிறது. ஆனால் வண்டி உட்காருவதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

காரமடை பட்டறை:

ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது, அதை யாரும் மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள்.

உட்காருவது தனிக் கசிவு. அதைக் கண்டுபிடிக்க ஒரு டேப் போதும். மாலையில் சமதளத்தில் நிறுத்தி, நான்கு மூலையிலும் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிவையுங்கள். சஸ்பென்ஷன் ஃபியூஸை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் பல மாடல்களில் நிறுத்திய பிறகும் யூனிட் அவ்வப்போது விழித்து, ஒரு மூலை இறங்கினால் மற்ற மூலைகளையும் இறக்கிச் சமன் செய்யப் பார்க்கும், உண்மை மறைந்துவிடும். காலையில் மறுபடியும் அளந்தால் ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்த பலூன் அல்லது அதற்குப் போகும் குழாய். இரண்டோ நான்கோ சேர்ந்து இறங்கினால், பலூன்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் வால்வு பிளாக் பக்கம் சந்தேகப்படலாம்.

ஒரு மூலைதான் என்று தெரிந்தால் வண்டியை உயர நிலைக்கு ஏற்றி, பலூன் ரப்பர் மடிந்து உருளும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். சாதாரண உயரத்தில் அந்த மடிப்பு உள்ளே மறைந்திருக்கும், அதனால்தான் பலர் தெளித்துப் பார்த்தும் கசிவு இல்லை என்று திரும்பிவிடுகிறார்கள். ரப்பர் குளிரில் விறைக்கும். பகலில் மூடியிருக்கும் வெடிப்பு விடியற்காலையில் வாய் திறக்கும். அதனால் காலையிலேயே பாருங்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஏர் சஸ்பென்ஷன் வண்டிக்கு அடியில் ஜாக்கியை மட்டும் நம்பித் தலையையோ கையையோ விடக் கூடாது. மெனுவில் ஜாக்கி நிலை என்று இருக்கும், அதைப் போட்டு, ஸ்டாண்டும் வைத்த பிறகுதான். பலூன் காற்று ஒரு நொடியில் போனால் இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி மட்கார்டோடு இறங்கும்.

இனி கம்ப்ரசர். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கம்ப்ரசர் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளிழுக்கும் காற்றும் அந்த அளவுக்குக் குறைவு. சென்னையில் ஒரு நிமிடத்தில் நிரப்பும் பலூனை உங்கள் ஊரில் நிரப்ப அதைவிட அதிக நேரம் ஓட வேண்டும். கசியும் பலூனும் சேர்ந்துகொண்டால் கம்ப்ரசர் சூடாகி யூனிட்டே அதை நிறுத்திவிடும். குறித்த நேரத்துக்குள் அழுத்தம் ஏறவில்லை என்று ஒரு பிழையும் எழுதும். அந்தப் பிழையைப் படித்தவர் கம்ப்ரசர் கெட்டது என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறார். பேட்டரி தளர்ந்திருந்தால் யூனிட் கம்ப்ரசரை ஓடவே விடாது, அதற்கும் ஒரு பிழை.

சுருள்வில் நண்பருக்கு: காயில் போடுவதை நான் தவறு என்று சொல்லவில்லை. சமவெளியில் ஓடும் பழைய வண்டிக்கு அது நல்ல முடிவாகவே இருக்கலாம். ஆனால் எஸ்டேட் பாதையில் உயர்த்தி ஓட்டும் வசதி போய்விடும், ஏழு பேரும் சாமானும் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்துவிடும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். கண்ட்ரோல் யூனிட்டுக்குச் சஸ்பென்ஷன் இல்லை என்று சொல்லிக்கொடுக்கவும் வேண்டும். ஒரு மூலை ரப்பர் வெடித்ததற்காக நான்கு மூலையையும் மாற்றுவது எனக்கு உடன்பாடில்லை.

சுருள்வில்:

ஹெட்லைட் விஷயம் உண்மைதான், எனக்கும் மட்டம் திருத்த வேண்டிவந்தது. ஆனால் நடு இரவில் பர்லியாரில் வண்டி உட்கார்ந்துவிடுமோ என்ற பயம் இல்லாமல் ஓட்டுவதற்கும் ஒரு மதிப்பு உண்டு.

லவ்டேல்:

இழை விலகுவதற்கு மன்னிக்கவும், என் வண்டியும் இதே வகைதான், ஆனால் 2021 மாடல், பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்). டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) நிரம்பிவிட்டது என்று அடிக்கடி எச்சரிக்கை வருகிறது. லவ்டேலிலிருந்து குழந்தைகளைப் பள்ளியில் விட்டு வருவதுதான் ஓட்டம்.

காரமடை பட்டறை:

அந்த ஓட்டம்தான் காரணம் அம்மா. வடிகட்டியில் சேரும் கரியை எரிக்கப் புகைக்குழாய் 600 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும். அதற்குத் தடையில்லாமல் இருபது நிமிடமாவது சீரான வேகத்தில் ஓட வேண்டும். நீலகிரியில் அப்படி ஒரு சாலை இல்லை. இறங்கும்போது இன்ஜினில் சுமையே இல்லாததால் அந்தச் சூடு வராது. மாதம் ஒருமுறையாவது மேட்டுப்பாளையம் தாண்டி நல்ல சாலையில் ஓட்டுங்கள். எரிப்பு தொடங்கினால் பாதியில் நிறுத்தாதீர்கள். பாதியில் பாதியில் நின்றால் அதற்காகத் தெளித்த டீசல் எரியாமல் இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக் இருந்தால் அளவு மேலே ஏறுகிறதா என்று பாருங்கள். ஆயில் குறைவதைவிட ஏறுவது ஆபத்து. ஏறியிருந்தால் கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

வெலிங்டன்:

கட்டபெட்டு நண்பர் தந்தையோடு அடிக்கடி இறங்கி ஏறுகிறார் என்பதால் பிரேக் பற்றி ஒரு வார்த்தை. இந்த இழையில் யாரும் அதைத் தொடவில்லை.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 33 கி.மீ. இந்தத் தூரத்துக்குள் 1,450 மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். ஆட்களோடு சேர்த்து 2,400 கிலோ எடையுள்ள வண்டி என்று வைத்துக்கொண்டால், இந்த இறக்கத்தில் வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 34 மெகாஜூல். ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசலை எரித்தால் வரும் வெப்பம் அது. காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை இன்ஜின் வாங்காவிட்டால் முழுவதும் நான்கு டிஸ்க்குகளின் தலையில்தான் விழும்.

ஆட்டோமேட்டிக் என்று டி-யில் போட்டுவிட்டுக் காலைப் பிரேக்கில் வைத்தபடியே வருகிறார்கள் பலர். கியர்பாக்ஸ் சிக்கனத்துக்காக மேல் கியருக்குத் தாவிக்கொண்டே இருக்கும். கையால் மாற்றும் நிலைக்குத் தள்ளி இரண்டு அல்லது மூன்றாம் கியரில் வையுங்கள். இன்ஜின் இரைச்சல் கூடும். அதனால் எதுவும் கெடாது, இறங்கும்போது எரிபொருளும் தெளிக்காது. ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலைப்பாதைப் பலகைகளில் எழுதியிருப்பது லாரிக்கு மட்டும் சொன்னது அல்ல.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். டாட் 4 ஆயில் புதியதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி, பெடல் பஞ்சாக உள்ளே போகும். நம் ஊர் ஈரத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதைத் தள்ளிப்போடவே கூடாது.

ஹில்பங்க்:

வெலிங்டன் ஐயா சொன்னதை நான் வழிமொழிகிறேன். கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவுகள், பிரேக் கருகும் வாடை மூக்கில் ஏறும். ஏறும்போது கூலன்ட்டையும் கவனியுங்கள். ஊட்டியில் மூடியில்லாத பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கூலன்ட் கொதிக்காமல் இருப்பது மூடி பிடித்துவைக்கும் அழுத்தத்தால்தான். மூடியின் ரப்பர் போனாலோ பிளாஸ்டிக் தொட்டியில் மயிரிழை வெடிப்பு விழுந்தாலோ மேலே வந்து சேரும்போது ஊசி சிவப்புக்குப் போகும். வெடிப்பு இருக்கும் இடத்தில் காய்ந்த வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் படிவு தெரியும். சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள்.

கட்டபெட்டு வாசி:

எல்லோரும் சொன்னபடி பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

டேப் அளவு: இடது முன் மூலை மட்டும் ஓர் இரவில் 70 மி.மீ. இறங்கியது, மற்ற மூன்றும் அசையவில்லை. விடியற்காலையில் சோப்பு நுரை பலூன் மடிப்பில் பொங்கிக்கொண்டு வந்தது. வைப்பர் பள்ளத்தின் இடப்பக்க வடிகால் சைப்ரஸ் இலையால் முழுக்க அடைத்திருந்தது. ஃபியூஸ் சோதனையில் அகப்பட்டது இடது கால் பக்கம் இருக்கும் யூனிட்தான். கனெக்டரைக் கழற்றினால் இரண்டு முனைகள் பச்சை. யூனிட்டின் உள்ளே ஈரம் இல்லை. கோத்தகிரியில் இருக்கும் எலக்ட்ரீசியன் அந்த இரண்டு முனைகளையும் வெட்டிப் புதிது போட்டு, கம்பளத்தைத் தூக்கி ஹீட்டர் வைத்துக் காயவைத்துக் கொடுத்தார். இப்போது தூங்கும் மின்னோட்டம் 30 மில்லி ஆம்பியர். யூனிட் மாற்றவில்லை.

பலூன் சொல்லிவைத்திருக்கிறேன். பேட்டரியும் மாற்றப் போகிறேன். கம்ப்ரசரை என்ன செய்வது அண்ணா? வாங்கிவிடவா?

காரமடை பட்டறை:

பலூனை மாற்றிய பிறகு முடிவு செய்யுங்கள். பேட்டரி மாற்றும்போது அதே ஏஜிஎம் வகை, அதே ஆம்பியர்-மணியில் போட்டு, ஸ்கேனர் வழியாகப் புதிய பேட்டரி என்று வண்டியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவு செய்யாவிட்டால் பழைய, தளர்ந்த பேட்டரிக்குக் கொடுத்த சார்ஜையே புதியதற்கும் கொடுத்துக்கொண்டிருக்கும்.

பலூன் ஏறியதும் தாழ்ந்த நிலையிலிருந்து உயர நிலைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைப்பேசியில் குறித்து எனக்கு அனுப்புங்கள். மேட்டுப்பாளையம் இறங்கும்போது அங்கேயும் ஒருமுறை குறியுங்கள். கீழே சட்டென்று ஏறி, மேலே கொஞ்சம் தாமதித்தால் அது உயரத்தின் வேலை, கம்ப்ரசர் நலமாக இருக்கிறது. இரண்டு இடத்திலும் திணறினால் அதன் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம், அப்போது வாங்கலாம். கம்ப்ரசருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயை மட்டும் காத்திருக்காமல் இப்போதே மாற்றிவிடுங்கள், விலை அதிகம் இல்லை. இத்தனை நாள் அளவுக்கு மீறி ஓடியதில் அதன் முனைகள் ஒட்டிக்கொண்டால் வண்டியை நிறுத்திய பின்னும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்து எரிந்துபோகும். ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். அது நனைந்துவிட்டால் ஈரம் வால்வு பிளாக்குக்குப் போய்விடும். உறைபனி நேரத்தில் அங்கே வால்வு ஒட்டிக்கொள்ளும்.

கட்டபெட்டு வாசி:

ரிலேயும் டிரையரும் சொல்லிவிட்டேன். பலூன் வந்ததும் நேரத்தைக் குறித்து இங்கேயே எழுதுகிறேன் அண்ணா.